ஓரகத்தி வீட்டு மேகம்

சீகைக்கொம்பையில் வருஷத்துக்கு ஆறு மாதம் மழை, மூன்று மாதம் பனி, மிச்சமுள்ள மூன்று மாதம் அந்த மழையையும் பனியையும் பற்றிய பேச்சு என்று காலம் போகும். அப்படிப்பட்ட மலையூரில் ஒரு ஐப்பசி மாதத்துப் பிற்பகலில், மூன்றரை மணி சுமாருக்கு, குணவதி வீட்டுக் கூரையோரத்தில் மழைத்தண்ணீர் வடிகிற தகரப் பாத்தியில் ஒரு மேகம் வந்து படுத்துக்கொண்டது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். தலை எது வால் எது என்று சொல்ல முடியாது. ஆனாலும் படுப்பதற்கு முன்னால் மூன்று தடவை தன்னைத்தானே சுற்றிவந்து, இடம் பார்த்து, பிறகு உடம்பைத் தளர்த்தியது என்பதால் ஊரில் எல்லோரும் அது படுத்துக்கொண்டது என்றே சொன்னார்கள். ஒதுங்கியது என்றோ சிக்கிக்கொண்டது என்றோ யாரும் சொல்லவில்லை.

சாயங்காலப் பால் கொண்டுவந்த மாதன்தான் முதலில் பார்த்தார். கேனைக் கீழே வைக்காமலேயே, "ஏனுங்க அம்மணி, உங்க வீட்டுக்கு மேகம் வந்திருக்குது. ஒரு சொம்பு தண்ணி வெச்சு விடுங்க, எங்கிருந்து கெளம்பி வந்துச்சோ" என்றார். குணவதி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். உள்ளே போய், வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று கொஞ்சம் யோசித்து, இரண்டையும் கலந்து ஒரு சொம்பில் கொண்டுவந்து ஜன்னல் மேடையில் வைத்தாள். அப்படித்தான் அது அந்த வீட்டில் சேர்ந்தது.

நடுச்சுவருக்கு இந்தப் பக்கம், காயாத துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பரிமளா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிமளாவும் குணவதியும் ஓரகத்திகள். அண்ணன் ரத்தினசாமி பரிமளாவைக் கட்டியவர், தம்பி பூபாலன் குணவதியைக் கட்டியவன். மாமனார் கட்டிய ஒற்றைத் தகரக்கூரை வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிய அன்று, மூத்தவள் என்பதால் எந்தப் பாதி வேண்டும் என்று சொல்லும் உரிமை பரிமளாவுக்கு வந்தது. அவள் மூன்று நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்து, காலை வெயில் விழுகிற, குடிதண்ணீர்க் குழாய் இருக்கிற, வாசல் கேட்டும் ரோட்டுக்குப் போகும் பாதையும் தன்னோடு வைத்திருக்கிற கிழக்குப் பாதியை எடுத்துக்கொண்டாள். குணவதிக்கு மேற்குப் பாதி. காற்று, சுவரெல்லாம் பாசி, கூரைமேல் குனிந்து நின்ற ஒரு சைப்ரஸ் மரமும் இரண்டு சில்வர் ஓக்கும் வருஷமெல்லாம் உதிர்த்துப் பாத்தியை அடைக்கிற இலை. குணவதி மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அதில் பரிமளாவுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. தான் எடுத்துக்கொண்டதன் அருமை, இன்னொருத்தி அதைக் கேட்டு அழுதால்தானே தெரியும்?

மற்றபடி பரிமளாவுக்குக் குறை என்று ஒன்றும் கிடையாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பின்கட்டு அடுப்பில் வர்க்கி பிஸ்கட் சுட்டு, ஏழு மணிக்குள் பஜார் கடைகளுக்கு அனுப்பிவிடுவாள். அவள் கை வர்க்கி வாயில் வைத்தால் நொறுங்கும் என்று மேட்டுப்பாளையம் வரைக்கும் பேர். புருஷன் காரட் லாரி ஓட்டினார். மகள் கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்பு. குணவதியோ தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலைக்குப் போனாள், பூபாலன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போனான், பிள்ளை இல்லை. இப்படி எல்லா வகையிலும் தனக்குக் கீழே இருந்தவள் வீட்டுக்கு, தான் பொறுக்கி எடுத்த பாதியை விட்டுவிட்டு, தான் கழித்துப்போட்ட பாதியைத் தேடி மேகம் வந்திருக்கிறது என்பது பரிமளாவுக்கு நெஞ்சுக்குழியில் ஒரு புளித்த மாவு உருண்டையைப் போல உட்கார்ந்துகொண்டது.

ஊருக்கு அது ஒன்றும் பெரிய அதிசயமாகப் படவில்லை. ஒரு வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் எப்படியோ, ஒரு தெருவுக்குப் புது வாத்தியார் குடிவந்தால் எப்படியோ, அப்படித்தான் பழகிக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்குப் பனிமூட்டமெல்லாம் பள்ளத்தாக்கில் இறங்கும்போது இதுவும் அவற்றோடு கிளம்பிப் போய், பிற்பகல் மூன்றரைக்குத் தேயிலை எடுக்கும் பெண்கள் திரும்பும் நேரத்தில் அவர்கள் பின்னாலேயே திரும்பி வந்தது. அதனால் கடிகாரம் ஓடாத வீடுகளில் மேகம் வந்தாச்சா என்று கேட்டு உலை வைத்தார்கள். வாட்டர் டேக்ஸ் வசூலிக்கும் கிளார்க் வந்து, கூரைமேல் நிரந்தரமாகத் தண்ணீர் வைத்திருப்பதைத் தொட்டி என்று எழுதுவதா கால்நடை என்று எழுதுவதா என்று தெரியாமல், மேலிடத்துக்குக் கேட்டு எழுதி, பதில் வரும்வரை விருந்தாளி என்று ரெஜிஸ்டரில் குறித்துக்கொண்டார். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஏணியில் ஏறிக் காதுக்குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கொஞ்சம் சளி இருக்கிறது, ஆனால் அதுதான் அதன் இயல்பு என்று சொல்லி இறங்கினார். ஆணா பெண்ணா என்று டீக்கடையில் ஒரு வாரம் வாதம் நடந்து, இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆகி, கடைசியில் பெண்கள் அதற்கு வெள்ளச்சி என்று பேர் வைத்ததோடு வாதம் முடிந்தது. ட்ராயிங் டீச்சர் நாலாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிவந்து நிறுத்தி, "இனிமே யாரும் மேகத்தை இட்லி மாதிரி வரையக்கூடாது, பாத்துக்குங்க" என்றாள். கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டவர்கள் மூன்று சொட்டு தெளிக்கக் கேட்டு வந்தார்கள். குணவதி இல்லை என்று சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து, "வெள்ளச்சி, கொஞ்சம்" என்பாள்; அது பொடிசாய்த் தூறும்.

அதற்குக் குக்கர் விசில் பிடிக்கும். குணவதி சோறு வைத்து விசில் வந்ததும் பாத்தியிலிருந்து அரை உடம்பு கீழே தொங்கி, ஜன்னல் வழியாக அந்த ஆவியை முகர்ந்து பார்க்கும். ஆவி அதற்குச் சின்னம்மா பிள்ளை மாதிரி ஒரு உறவு என்று மாதன் சொன்னார். பார்க்க வந்தவர்கள் அந்த விசிலுக்காகக் காத்திருந்துவிட்டுப் போவார்கள்.

அப்படிப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் பரிமளாவின் கேட்டைத் திறந்து, பரிமளாவின் மிதியடியில் செம்மண்ணைத் துடைத்து, பரிமளாவிடமே "அந்தப் பக்கம் எப்படிங்க போறது?" என்று கேட்டார்கள். திரும்பும்போது இன்னும் மோசம். "நீங்க குடுத்து வெச்சவங்க, பக்கத்துலயே இருக்கீங்க" என்றார்கள். பக்கத்தில் இருப்பது என்பதைவிடத் தூரத்தில் இருப்பதே மேல் என்று அவளுக்குத் தோன்றியது. பத்து மைல் தள்ளி எவள் வீட்டிலாவது மேகம் படுத்திருந்தால் அவளும் போய் மூன்று சொட்டு வாங்கிவந்து மகள் போட்டோவுக்குத் தெளித்திருப்பாள்.

முதலில் அவள் தன் பக்கத்துப் பாத்தியைச் சுத்தம் செய்தாள். ஏணி போட்டு ஏறி, துடைத்து, சாம்பல் போட்டு விளக்கி, தகரம் கண்ணாடி மாதிரி மின்ன வைத்தாள். மேகம் வரவில்லை. பிறகு மூன்றே காலுக்கெல்லாம் இரண்டு குக்கரை ஒன்றாக ஏற்றி, அடுத்தடுத்து விசில் விட்டாள். மேகம் குணவதி பக்கத்திலிருந்தே மெல்ல ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. லாரியிலிருந்து வந்த ரத்தினசாமி பத்து நாளாகக் குழைந்துபோன சோற்றைத் தின்றுவிட்டு, "பரிமளா, அரிசி மாத்திட்டயா?" என்று கேட்டார்.

ஒருநாள் காலை, குணவதி ஃபேக்டரிக்குப் போன பிறகு, பரிமளா ஏணியை நகர்த்தி மேற்குப் பாதியில் சாத்தி ஏறிப் பார்த்தாள். பாத்தி நிறைய மக்கிய சைப்ரஸ் ஊசியும் சில்வர் ஓக் இலையும் கறுத்துக் கிடக்க, நடுவில் கோழி அடைகாத்த இடம் மாதிரி ஒரு குழி. கையை வைத்தாள். குழந்தை தூங்கி எழுந்துபோன பாயில் இருக்குமே, அப்படி ஒரு கதகதப்பு. அவள் கையை வெகுநேரம் எடுக்கவில்லை. கீழே இறங்கியபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அதை அவள் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாளி இலையை அள்ளித் தன் பக்கத்துப் பாத்தியில் கொட்டி, உள்ளங்கையால் அமுக்கி, அதேமாதிரி குழி செய்து வைத்தாள். அந்தப் பக்கத்தில் வெறும் தகரம் தெரியும்படி விட்டாள். மூன்றரைக்கு மேகம் வந்தது. தன் இடத்தில் தகரத்தைப் பார்த்துத் தயங்கியது. மெதுவாக ஊர்ந்து கிழக்குப் பக்கம் வந்தது. பரிமளா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். அது அவள் செய்துவைத்த குழியின்மேல் ஒரு தடவை சுற்றியது, இரண்டாவது தடவை சுற்றியது, மூன்றாவது தடவை சுற்றாமல் திரும்பிப் போய் மேற்குப் பக்கத்து வெறும் தகரத்திலேயே உடம்பைச் சுருக்கிப் படுத்துக்கொண்டது. இரண்டு நாளில் மரங்கள் அதற்கு வேண்டிய இலையை மறுபடி உதிர்த்துக் கொடுத்துவிட்டன.

அன்றோடு பரிமளாவுக்குத் தன் வீட்டுக்கு மேகம் வரவேண்டும் என்ற ஆசை போய்விட்டது. குணவதி வீட்டில் அது இருக்கக்கூடாது என்ற ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

பஜாரில் இஸ்மத் பாய் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். பாத்தியை மூடுகிற வலை வேண்டும் என்று பரிமளா கேட்டதும், "என்ன மரம் அக்கா?" என்றார்.

"மரம் எதுக்கு?"

"மரத்தைப் பாத்துத்தான் வலையோட கண்ணு எடுக்கணும். பலா மாதிரி பெரிய எலைன்னா பெரிய கண்ணு போதும். சைப்ரஸ் ஊசின்னா வழுக்கிட்டு உள்ள போயிரும்."

"சைப்ரஸும் இருக்கு, சில்வர் ஓக்கும் இருக்கு."

அவர் ஒவ்வொன்றாக எடுத்து கவுண்ட்டர்மேல் பரப்பினார். பச்சை பிளாஸ்டிக் வலைச் சுருள். சீப்பாகக் கிடைக்கும், ஆனால் இரண்டு வெயிலுக்கு நொறுங்கும், குரங்கு ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நீளமாய் ஒன்று, பாத்திக்குள் அப்படியே படுக்க வைப்பது. இலை அதில் மாட்டிக்கொண்டால் யார் எடுப்பது, குருவிகளுக்குத்தான் கூடு கட்டக் கொண்டாட்டம். ஓட்டை போட்ட அலுமினியத் தகடு. உறுதிதான், ஊசி இறங்கும். கடைசியாக, சட்டம் அடித்த எவர்சில்வர் வலை, மாவு சலிக்கலாம்போல அவ்வளவு நெருக்கமான கண்.

பரிமளா அதை விரலால் தடவினாள். "இதுல எதெல்லாம் போகும்?"

இஸ்மத் பாய் ஒரு ஜக்கில் தண்ணீர் எடுத்து வலைமேல் ஊற்றிக் காட்டினார். ஒரு துளி தங்காமல் கீழே இறங்கியது. "தண்ணி போகும். காத்து போகும்."

"வேற?"

"வேற என்னக்கா போகணும்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மேகம் படுக்குற பக்கத்துக்கா?" என்று கேட்டார்.

"முழுக் கூரைக்கும்" என்றாள் பரிமளா. "ஒரே கூரை. பாதிக்குப் போட்டா நல்லாவா இருக்கும்?"

அவர் அளவு கேட்டு, வெட்டி, சுருட்டி, நூல் போட்டுக் கட்டிக்கொடுத்தார். கொடுக்கும்போது, "பாத்து செய்யுங்கக்கா" என்றார்.

காலையில் சுட்ட வர்க்கியில் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு பரிமளா அன்று சாயங்காலம் குணவதி வீட்டுக்குப் போனாள். சுவர் எழுப்பிய பிறகு அவள் அந்த வீட்டுக்குள் போனது அது மூன்றாவதோ நாலாவதோ தடவை.

"குணா, பாத்தியெல்லாம் மக்கிப் போய்ச் சுவருல ஓதம் ஏறுது. என் பக்கம் அடுக்குற வர்க்கி எல்லாம் நமுத்துப் போகுது. கடைக்காரன் திருப்பி அனுப்புறான். வலை வாங்கியாந்துட்டேன். உன் பக்கத்துக்கும் சேத்துத்தான். நாளைக்கு ஆரோன் வந்து போட்டுருவான்."

குணவதி பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அது படுக்குதேக்கா அங்க."

"வலை மேல படுக்கட்டும். கட்டில் மாதிரி. அழுகின எலைல படுத்துப் படுத்து நெஞ்சுல சளி கட்டிக் கெடக்குதுன்னு கம்பவுண்டரே சொன்னாரில்ல?"

குணவதி அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாகவே இருந்தது. பிறகு, "நீங்க சொன்னா சரிக்கா" என்றாள்.

பரிமளா ஏழு பதில்கள் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். சுவர் இடிந்துவிடும், பாம்பு வரும், கொசு முட்டையிடும் என்று வரிசையாய் அடுக்கி வைத்திருந்த அவை எல்லாம் செலவாகாமல் வாயிலேயே தங்கிவிட, அவற்றை மென்று விழுங்கிக்கொண்டே வீடு திரும்பினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிளம்பர் ஆரோன் காலையில் மேகம் கிளம்பிப் போன பிறகு வந்தான். மேற்குப் பக்கத்துப் பாத்தியிலிருந்து மூன்று சாக்கு இலை அள்ளினான். குழாயில் கம்பி விட்டுக் குத்தி, அடைப்பை எடுத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். வலையின் ஒரு ஓரத்தைக் கூரைத் தகரத்துக்கு அடியில் செருகி, மறு ஓரத்தைப் பாத்தி விளிம்போடு வைத்து, சாணுக்கு ஒரு ஸ்க்ரூவாக முடுக்கினான். இலை தங்காமல் காய்ந்து பறக்கும்படி கொஞ்சம் சரிவாகவும் வைத்தான். வேலை சுத்தமான வேலை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. குணவதி அத்தனை நேரமும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரிமளா ஸ்க்ரூ டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றாள். "இனி இந்தப் பாத்தில ஒரு ஈ எறங்காதுக்கா" என்று சொல்லிவிட்டு ஆரோன் டீ குடித்துவிட்டுப் போனான்.

மூன்றரைக்கு மேகம் வந்தது. லீவு நாள் என்பதால் தெருவில் பிள்ளைகளும் பெரியவர்களுமாய்ப் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அது வழக்கம்போல ஒரு தடவை சுற்றியது, இரண்டாவது தடவை சுற்றியது, மூன்றாவது தடவையும் சுற்றியது, பிறகு நாள் முழுக்கப் பள்ளத்தாக்கில் அலைந்த அலுப்போடு, கீழே பார்க்காமல், உடம்பை அப்படியே தளர்த்தியது. வலை அதைத் தடுக்கவில்லை. இடியாப்ப உரலில் மாவு இறங்குவதுபோல வலையின் ஆயிரம் கண்கள் வழியாக அது நூல் நூலாக இறங்கியது. பாத்தியில் நிற்க முடியாமல் குழாய் வழியாகக் கொஞ்சம் போனது. விளிம்பில் வழிந்து கொஞ்சம் ரோஜாச் செடியில் சிக்கியது. மாதனின் பால் கேன் கைப்பிடியில் ஒரு இழை சுற்றிக்கொண்டது. மேகத்துக்குக் குரல் கிடையாது. ஆனால் அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் எந்த வீட்டுக் குக்கரும் விசில் அடிக்கவில்லை. வெயிட்டைத் தூக்காமல், உள்ளுக்குள்ளேயே முனகி அடங்கின. குணவதி முந்தானையை ஏந்திக்கொண்டு ஓடினாள். விழுந்த இழைகள் துணியில் ஈரமாகத் தங்கின, அவ்வளவுதான். மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போயின.

ஊர் அது வந்ததற்குப் பழகியதுபோலவே போனதற்கும் பழகியது. டேக்ஸ் கிளார்க் ரெஜிஸ்டரில் விருந்தாளி கிளம்பியாச்சு என்று எழுதி இனிஷியல் போட்டார். டீக்கடையில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு பேரும் சமாதானம் ஆனார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி இட்லி வரைந்தார்கள், டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். பரிமளாவின் கேட்டைத் திறந்து, பரிமளாவின் மிதியடியில் காலைத் துடைத்து, "பாவம் குணவதி" என்று பரிமளாவிடமே சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார்கள்.

மேகம் இருந்தபோது குணவதியுடையது. போன பிறகும் அவளுடையதாகவே போயிருக்கிறது. இதைப் பரிமளா எதிர்பார்க்கவில்லை. மூன்றரை மணி ஆனால் கை வேலை நின்றுவிட்டது. கண் தானாகக் கூரைக்குப் போனது. அது திரும்பும் நேரம், தயங்கினால் எந்தப் பக்கம் நெளியும், தூறினால் எத்தனை நிமிஷம் என்று, அதை அவ்வளவு நாள் அத்தனை கவனமாகப் பார்த்தவள் ஊரிலேயே தான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் அழுவதற்கு அவளுக்கு என்ன பாத்தியதை? அவள் வர்க்கி அந்த வாரம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு மொறுமொறுப்பாக வந்தது. கடைக்காரர்கள் ஆள்விட்டுப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் பல்லில் மண் கடிபட்டதுபோல் இருந்தது.

மூன்றாவது வாரம், துவைக்கிற கல்லில் இருவரும் எதிரெதிராக நின்றபோது பரிமளா சொன்னாள்: "குணா, அந்த வலை வர்க்கிக்காகப் போட்டதில்ல."

குணவதி போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"பொட்டலத்தோட வந்தீங்களே. வர்க்கி நமுக்கவே இல்ல. எடுத்த எடுப்புல நொறுங்குச்சு."

பரிமளாவுக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சுமா சரின்ன? ஏணியப் புடிச்சுட்டு நின்னயே."

குணவதி போர்வையை உதறிக் கல்லின்மேல் போட்டாள். பேச ஆரம்பிக்குமுன் நடுச்சுவரைப் பார்த்தாள்.

"தினமும் காலைல கெளம்பும்ல அது. நேரா பள்ளத்துக்குப் போகாது. முதல்ல உங்க பின்கட்டுக்குத்தான் போகும். அடுப்புப் புகை போக ஒரு ஓட்டை இருக்கே, அங்க வந்து நிக்கும். நீங்க அடுப்பப் பாத்துக் குனிஞ்சிருப்பீங்க. உங்க முதுகப் பாத்துட்டே நிக்கும். பத்து நிமிசம். ஒருநாள் கூடத் தப்பாது. எங்கிட்ட அப்படி ஒருநாளும் நின்னதில்ல. எங்கிட்ட வரும், படுக்கும், அவ்வளவுதான்."

பரிமளா கையிலிருந்த சோப்புக்கட்டி கல்லில் வழுக்கிக் கீழே விழுந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க திரும்பிப் பாப்பீங்க. திரும்பிப் பாத்தா அது உள்ள வந்துரும்." குணவதியின் குரல் உயரவில்லை. "உங்களுக்கு வெயில் இருக்கு, கொழாய் இருக்கு, பொண்ணு இருக்கு, அண்ணன் ராத்திரி வீட்டுக்கு வர்றாரு. எனக்குன்னு வந்தது அது ஒண்ணு. அதுவும் காலைல முதல்ல உங்ககிட்டதான் போச்சு. நீங்க வலையோட வந்தப்ப, சரி, ரெண்டு பேருக்கும் இல்லாமப் போகட்டும்னு நெனச்சேன். இப்படிக் கிழியும்னு நெனைக்கலக்கா."

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்பதைத் தெருவில் சிலர் கேட்டிருக்கிறார்கள். சுவர் எழுப்பிய நாளிலிருந்து இருவரும் பேசாமல் விட்டதையெல்லாம் பேசினார்கள் என்பதுபோக, அதில் வேறு ஒன்றும் இல்லை. நான்கு நாள் முகம் பார்க்கவில்லை. பரிமளா அந்த நான்கு நாளும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்: ஐப்பசியில் வந்தது, தையில் போனது, தினம் பத்து நிமிஷம், அத்தனையும் தன் முதுகுக்குப் பின்னால். தனக்குக் கிடைத்ததைத் தன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தவள்மேல் வந்த ஆத்திரமும், தனக்கும் கிடைத்தது என்று தெரிந்த சந்தோஷமும் ஒரே பாத்திரத்தில் கொதித்தன. ஒன்றை வடித்து இன்னொன்றை வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் குணவதி தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வலையை மேற்குப் பக்கம் மட்டும் கழற்றினால் போதும் என்று அவள் நினைத்திருந்தாள். பரிமளா கிழக்கிலிருந்து ஆரம்பித்தாள். பிடி, தா, பாத்து என்ற மூன்று வார்த்தைகளுக்குமேல் பேசாமல், ஒருத்தி ஏற ஒருத்தி பிடிக்க, மாறி மாறி ஏறி, அத்தனை ஸ்க்ரூவையும் கழற்றினார்கள். வலையைச் சுருட்டி இஸ்மத் பாய் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள் பரிமளா. அவர் காரணம் கேட்காமல் வாங்கி, கடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தார். மரங்கள் இரண்டு பக்கத்துப் பாத்தியிலும் இலையைப் போட ஆரம்பித்தன. அதை யாரும் அள்ளவில்லை.

மேகம் வரவில்லை. ஆனால் பரிமளா பின்கட்டில் அடுப்புக்கு எதிரே இருந்த முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். இப்போது அடுப்பு முதுகுப் பக்கம். முகம் புகை போகும் ஓட்டைப் பக்கம். ஒவ்வொரு தட்டையும் உடம்பைத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. கை இரண்டு தடவை சுட்டது. ஆறு மணி ஆனால் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அது தன் பத்து நிமிஷம், அதில் யாருக்கும் பங்கில்லை என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது.

பங்குனி பிறந்து சில நாள் கழித்து, ஒரு காலையில், ஓட்டையின் விளிம்பில் ஒரு இழை வந்து நின்றது. கட்டை விரல் நீளம்கூட இருக்காது. நனைந்த பஞ்சைத் திரித்துவிட்டதுபோல ஒல்லியாக, ஒரு முனை இன்னும் கிழிந்தபடி. அது உள்ளே எட்டிப் பார்த்து, முதுகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகம் இருப்பதைக் கண்டு, கொஞ்சம் பின்வாங்கி, பிறகு நின்றது.

பரிமளா மூச்சை மெல்ல விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் குணவதி எழுந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் இரண்டு எட்டில் வந்துவிடுவாள். பரிமளா கூப்பிடவில்லை. இழை ஒரு சுற்றுச் சுற்றியது. பின்னால் அடுப்பில் வர்க்கி பொன்னிறம் தாண்டுகிற வாசனை வந்தது, சிவக்கிற வாசனை வந்தது, பிறகு கருகுகிற வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை. அது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இழை இரண்டாவது சுற்றுச் சுற்றி, மெதுவாக, மூன்றாவதையும் சுற்றியது.

அந்தத் தட்டு முழுவதும் கரியான பிறகுதான், பரிமளா கையை நீட்டி நடுச்சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "குணா, இங்க வா" என்று கூப்பிட்டாள்.